பிறந்தநாள் விடுப்பைக் கேட்டு வாங்க வைக்காதீர்கள்

தமிழ்நாட்டின் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தலைமைக் காவலரின் மனைவி. காவலர் குடியிருப்பில் வசிக்கிறேன். எந்த மாவட்டம், எந்த நிலையம் என்று இங்கே சொல்லவில்லை. சொன்னால், நாளைக் காலை ரோல்காலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர். காவல்துறையில் இருப்பவர் அனுமதியில்லாமல் சங்கத்தில் சேரவோ பத்திரிகைக்குப் பேசவோ கூடாது என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவருடைய மனைவிக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் இந்த மடலை நான் எழுதுகிறேன்.

2021 ஜூலை மாதக் கடைசியில், அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அவர்கள் அனுப்பிய சுற்றறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும், ஓய்வு நாளிலும் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டும், பிறந்தநாளன்றும் திருமண நாளன்றும் குடும்பத்தோடு இருக்க விடுப்பு தர வேண்டும், அன்றைக்கு மாவட்ட அல்லது மாநகரக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ் மைக்கில் வாழ்த்தும் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வார ஓய்வு அரசாணையாகவே வந்தது.

அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று எங்கள் குடியிருப்பில் அது கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருந்தது. மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டோம். யார் வீட்டுக்காரருக்கு எந்த மாதம் என்று பேச்சு ஓடியது. பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சிறப்பு உதவி ஆய்வாளரின் மனைவி எங்களோடு இருந்தார். தன் கணவரின் பிறந்தநாள் எந்தத் தேதி என்று அவர் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். திருமணமாகி இத்தனை காலத்தில் அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அந்த வீட்டில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுகள் போய்விட்டன. மைக்கில் வாழ்த்து வருகிறது. விடுப்புதான் சில நிலையங்களில் கிடைக்கிறது, பல நிலையங்களில் கிடைப்பதில்லை. கிடைக்கிற இடத்தில் நல்ல மனதுள்ள ஆய்வாளர் இருக்கிறார். அவர் மாற்றலாகிப் போனால் அந்த வழக்கமும் அவரோடு போய்விடுகிறது. மேலிடத்து உத்தரவு ஒன்று, அந்தந்த நாற்காலியில் இருப்பவரின் மனதைப் பொறுத்து உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் சரியல்ல.

“எங்கள் நிலையத்தில் யாரும் கேட்பதில்லையே” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான், கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஒரு காவலர் விடுப்பு கேட்பது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் உங்கள் அறை வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கிறார். உள்ளே மனு கொடுக்க வந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு பக்கம் முகாம் அலுவலகத்திலிருந்து போன், இன்னொரு பக்கம் ரிமாண்டுக்குக் கொண்டுபோக வேண்டியவரின் காகிதங்கள். முந்தின நாள் இரவு விபத்தில் இறந்தவரின் உறவினர்கள் வாசலில் அழுதுகொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில் மீசை நரைத்த ஒரு மனிதர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, “ஐயா, நாளைக்கு எனக்குப் பிறந்தநாள், லீவு வேண்டும்” என்று சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடிவதில்லை. வாய்வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. சொன்னால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார் என்ற கூச்சம். சிறுபிள்ளைத்தனம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்ற தயக்கம் அதைவிடப் பெரிது.

இன்னொன்றும் உண்டு. காவலர் ஒருவர் ஆண்டில் எத்தனை முறை உங்கள் முன்னால் வந்து கையை நீட்ட முடியும்? அவருக்கே அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு முறை. பையனுக்குப் பள்ளியில் சேர்க்கை என்றால் ஒரு முறை. ஊரில் ஒரு சாவு, மைத்துனர் வீட்டுக் கல்யாணம். இதற்கெல்லாம் கேட்டு, “பார்க்கலாம்” என்ற பதிலை வாங்கி, மறுபடி போய் நின்று, கடைசியில் நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டரையும் அனுசரித்து ஒரு நாள் வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் வாய்ப்பைத் தன் பிறந்தநாளுக்காகச் செலவழிக்க எந்தக் காவலருக்கும் மனம் வராது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கேட்க வேண்டுமே என்று பத்திரப்படுத்தி வைப்பார்.

ஆகவே, கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இந்த விடுப்பு இருக்கும்வரை அது இல்லாததற்குச் சமம். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அவரைக் கேட்க வைக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் டியூட்டி போடத் தொடங்கும்போதே, அந்த மாதத்தில் யாருக்கெல்லாம் பிறந்தநாளும் திருமண நாளும் வருகிறது என்று பார்த்து, அந்த நாளில் அவர் பெயருக்கு எதிரே விடுப்பு என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். அந்தப் பற்றாக்குறையின் பாரத்தை எங்கள் வீடுகளும் சுமக்கின்றன, அதனால் நான் அதை மறுக்கப் போவதில்லை. இந்தியக் காவல்துறை பற்றி 2019-இல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி ஆய்வாளர்களும் வெளியிட்ட அறிக்கை, காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று சொன்னது. அந்தப் 14 மணி நேரத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆனால் பிறந்தநாளைப் பொறுத்தவரை கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர் வேலை பார்க்கும் நிலையம் என்றால் ஆண்டில் முப்பது பிறந்தநாள். எல்லாருக்கும் திருமணமாகியிருந்தாலும் முப்பது திருமண நாள். மொத்தம் 60. மாதத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு ஆள். சம்மன் கொடுக்கவும், கோர்ட் டியூட்டிக்கும், கைதி வழிக்காவலுக்கும், வேறு அலுவலகங்களில் மாற்றுப் பணிக்கும் ஒவ்வொரு நாளும் நிலையத்திலிருந்து எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டால், இது தாங்க முடியாத எண்ணிக்கை அல்ல.

அதுமட்டுமல்ல, காய்ச்சலும் சாவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்போது திடீரென்று ஒருவர் விடுப்பு கேட்டால் நீங்கள் திணறுவது நியாயம். பிறந்தநாள் எந்தத் தேதியில் வரும் என்பது ஓராண்டுக்கு முன்னாலேயே தெரியும். முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடிந்த விடுப்பையே நம்மால் தர முடியவில்லை என்றால், ஆள் பற்றாக்குறையை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

மும்பையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016-இல் அங்கே தேவனார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணி முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். இருக்கிற ஆட்களை வைத்தே அதை எப்படிச் செய்யலாம் என்று கணக்குப் போட்டு ஆணையரிடம் கொடுத்தவர் அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஒரு காவலர். பிறகு அது நகரம் முழுவதற்கும் விரிந்தது. உங்கள் நிலையத்திலும் அப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எந்த நாளைப் பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்வது என்ற சிக்கல். இது வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படியில்லை.

கிராமத்தில் பிறந்த பலருக்குப் பணிப்பதிவேட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எழுதிய தேதி. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் ஏதாவது ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். என் கணவருக்கும் அப்படித்தான் மே மாதத்தில் ஒரு தேதி. ஆனால் அவர் பிறந்தது ஆவணி மாதம், சித்திரை நட்சத்திரம். என் மாமியார் அதைத்தான் கொண்டாடுவார். ஆவணியில் வரும் சித்திரை நட்சத்திரம் பெரும்பாலும் விநாயகர் சதுர்த்தியை ஒட்டியே வரும் என்பது பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சதுர்த்தி என்றால் காவலருக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். சிலை வைத்த இடத்தில் இரவும் பகலும் பாரா, அது முடிந்ததும் கரைப்பு ஊர்வலம், ஊர்வலம் போகும் தெருக்களில் முந்தின நாளே ஆள் நிறுத்துவது. அவர் வீட்டுக்கு வருவதே குளித்து உடை மாற்றத்தான்.

அன்றைக்குக் காலையில் நான் கோயிலுக்குப் போவேன். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். சொல்வேன். “அவர் வரவில்லையா?” என்று கேட்பார். “டியூட்டி” என்பேன். அவர் வேறு கேள்வி கேட்காமல் அர்ச்சனையைத் தொடங்கிவிடுவார். திருநீற்றை மடித்து வாங்கி வந்து அலமாரியில் வைப்பேன். என் கணவர் நள்ளிரவு தாண்டி வந்து பூட்ஸைக் கழற்றும்போது முழங்கால் வரை சேறும் மாலைப் பூவின் இதழ்களும் ஒட்டியிருக்கும். மகள் தூங்கியிருப்பாள். அவள் அப்பாவுக்காக எடுத்து வைத்த பாயசம் டம்ளரில் ஏடு படிந்து கெட்டியாகியிருக்கும். சுட வைக்கட்டுமா என்றால், வேண்டாம், அவள் பார்த்து ஊற்றியது என்று அப்படியே குடிப்பார். திருநீறு பூசிவிடுவேன். காலையில் மகள் எழுவதற்குள் மறுபடி கிளம்பியிருப்பார்.

மே மாதத்தில் பதிவேட்டுத் தேதியன்று மைக்கில் வாழ்த்து வரும். அவருக்கு அது மரியாதைதான், நன்றியோடுதான் கேட்டுக்கொள்கிறார். பந்தோபஸ்தில் நிற்கும்போது மைக்கில் தன் பெயர் வாசிக்கப்பட்டதையும், கூட நின்ற இளம் காவலர்கள் கைகொடுத்ததையும் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். ஆனால் அது எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் பிறந்தநாளாகத் தோன்றாத ஒரு நாள். ஆகவே, பதிவேட்டுத் தேதியா, வீட்டில் கொண்டாடும் தேதியா என்பதை அவரவரே ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ஆண்டில் ஒரு நாள்தான், அது எந்த நாள் என்று அவர் சொல்லட்டும். இதில் உங்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது. பதிவேட்டை மட்டும் பார்த்தால் கோடையில்தான் பலருக்கும் பிறந்தநாள் வந்து குவியும். உண்மையான தேதிகளைக் கேட்டால் அது ஆண்டு முழுவதும் பரவிவிடும்.

சதுர்த்தி பந்தோபஸ்து நாளில் என் கணவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அவரே என்னைக் கண்டிப்பார். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், ஜூலை 15 காமராஜர், செப்டம்பர் 15 அண்ணா, 17 பெரியார், அக்டோபர் 30 பசும்பொன் என்று இந்த மாநிலம் பெரியவர்களின் பிறந்தநாட்களைக் கொண்டாடும்போதெல்லாம் சிலைக்குப் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து ஒரு காவலர் நிற்கிறார். பசும்பொன்னுக்குப் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போகிறார்கள். கல்யாண மண்டபத்தில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, திரும்பி வருகிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும், அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஒரு தலைவரின் பிறந்தநாளில் தொண்டர்கள் கொடுத்த லட்டை என் கணவர் மந்தாரை இலையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்து மகளுக்காகக் கொண்டு வந்திருக்கிறார். அவள் அதைக் கொண்டாடித் தின்றாள். நான் கேட்பது, அப்படிப்பட்ட நாளில் ஒருவரின் பிறந்தநாள் விழுந்தால், அதற்குப் பதில் எந்த நாள் என்பதைத் தேதி போட்டு அப்போதே எழுதிக் கொடுங்கள் என்பதுதான். “பிறகு எடுத்துக்கொள்” என்று வாயால் சொன்ன விடுப்பு வந்ததாக நான் பார்த்ததில்லை.

பெண் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் இருவருமே காவலர்கள், வேறு வேறு நிலையம். அவர்களுக்குத் திருமண நாள் ஒன்றுதான், ஆனால் விடுப்பு இரண்டு ஆய்வாளர்களிடமிருந்து கிடைக்க வேண்டும். ஒருவர் கொடுத்து மற்றவர் கொடுக்காவிட்டால் அது யாருக்கும் பயனில்லை. அந்த அக்கா பிறந்தநாளன்று மகளிர் நிலையத்தில் இரவு பாரா பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மறுபடி சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பியதை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். வாழ்த்துச் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. 1973-லேயே பெண்களைக் காவல்துறையில் சேர்த்த மாநிலம் இது. கணவன் மனைவி இருவரும் துறையில் இருந்தால், இரண்டு நிலையங்களும் ஒரு போனில் பேசி ஒரே நாளைக் கொடுப்பது முடியாத காரியமா?

காவலர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கத் துறை சிலவற்றைச் செய்யத்தான் செய்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சி கொடுத்தார்கள். கோபத்தை எப்படி ஆற்றுவது, வீட்டில் எப்படி மனம் விட்டுப் பேசுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் மனம் விட்டுப் பேச அவர் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்பா வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு நல்ல ஆய்வாளரிடம் அவர் வேலை பார்த்தபோது எங்களுக்கு அப்படியொரு பிறந்தநாள் கிடைத்தது. எங்கேயும் போகவில்லை. காலையில் இட்லிக்கு அவரே சட்னி அரைத்தார். மகளின் சைக்கிளில் கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்த செயினைச் சரி செய்தார். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினார். மாலையில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், அவள் காட்டிய கடையில் அவள் சொன்ன கேக்கை வாங்கி வந்தார். அடுத்த நாள் அவர் டியூட்டிக்குப் போனபோது நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. அந்த ஆய்வாளரின் பெயரை எங்கள் வீட்டில் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறோம்.

உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, நீங்களும் பிறந்தநாளன்று நிலையத்திலேயே இருப்பவர்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் பட்ட கஷ்டத்தை இவனும் படட்டும் என்று நினைக்கிறவர்கள் அல்ல நீங்கள். மேலிருந்து வரும் நெருக்கடியும், கீழே இருப்பவரின் களைப்பும் இரண்டும் வந்து சேருவது உங்கள் மேசைக்குத்தான். அதனால்தான் தலைமை இயக்குநருக்கோ செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் செய்ய வேண்டிய உத்தரவை 2021-லேயே செய்துவிட்டார்கள். டியூட்டி போடும் பேனா உங்கள் கையில் இருக்கிறது.

விருப்பப்பட்டு அன்று வேலைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். வீட்டில் யாரும் இல்லாதவர், மிகைநேர ஊதியம் தேவைப்படுகிறவர், ஊர் தூரமாக இருப்பவர். அவர்கள் வரட்டும், அது அவர்களுடைய விருப்பம். விடுப்பில் இருப்பவரை மட்டும், பழைய வழக்கின் கோப்பு எங்கே இருக்கிறது, சாட்சியின் நம்பர் என்ன என்று கேட்டு நாள் முழுக்கப் போனில் கூப்பிடாமல் இருந்தால் போதும். வீட்டில் போன் அடித்தாலே பிள்ளைகளின் முகம் மாறிவிடுகிறது.

வரும் மாதத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் மாத வாரியாக எழுதி, டியூட்டிப் பட்டியல் போடும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். ரைட்டருக்கு அது அரை மணி நேர வேலை. அதில் உங்கள் பெயரையும் உங்கள் தேதியையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தலைமைக் காவலரின் மனைவி